ஆடியில் ஒரு சைக்கிள் பயணம், அதற்கு ஒரு மொய் விருந்து: தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நியூ இங்கிலாந்து வட்டாரத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட அடுத்த ஆகஸ்ட்டில் நடக்கும் பான்-மாஸ் சேலஞ்ச் சைக்கிள் பயணத்தில் நம் சங்கங்களின் பெயரில் ஓர் அணி இறங்க வேண்டும், அந்த அணிக்கான நிதியைச் சங்கமே முன்னின்று திரட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். செயற்குழுவுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் பணம் தரப்போகிறவர்களும் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களும் உறுப்பினர்கள்தான், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

நான் இந்தப் பயணத்தில் தனி ஆளாகக் கலந்துகொண்டு வருகிறவன். தமிழ் முகங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் படும். பேச்சுக் கொடுத்தால் சந்தோஷமாகப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் போட்டிருப்பது வேலை செய்யும் கம்பெனியின் ஜெர்சி. நம் சங்கத்தின் பெயர் போட்ட ஜெர்சியை அந்தப் பாதையில் நான் இன்னும் பார்க்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பில்லி ஸ்டார் என்ற பாஸ்டன்காரரின் அம்மா 1974-இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இறந்தார். அம்மாவுக்கு அப்போது 49 வயது. ஆறு வருடம் கழித்து, 1980-இல், ஸ்டார் தன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு மாசசூசெட்ஸின் மேற்கே ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கேப் காடின் நுனியில் இருக்கும் புராவின்ஸ்டவுன் வரை சைக்கிளில் போனார். மொத்தம் 36 பேர். திரட்டியது 10,200 டாலர். அதை பாஸ்டனில் இருக்கும் டேனா-ஃபார்பர் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் ஆகஸ்ட் முதல் வார இறுதி என்றால் இந்தப் பயணம்தான். இப்போது ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுகிறார்கள். மூவாயிரம் தொண்டர்கள் சோறு தண்ணீர் பார்த்துக்கொள்கிறார்கள். 2024-இல் மொத்த வசூல் நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஓட்டுகிறவர்கள் திரட்டும் பணத்தில் ஒரு சென்ட் கூட நிர்வாகச் செலவுக்குப் போவதில்லை. 2007-இலிருந்து முழுப் பணமும் டேனா-ஃபார்பருக்கே போகிறது. நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஸ்டர்பிரிட்ஜிலிருந்து கிளம்பும் வழிதான் பழைய, நீளமான வழி. இரண்டு நாளில் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினால், முதல் பாதி முழுக்க ஏற்றமும் இறக்கமும்தான். மாலைக்குள் கேப் காட் கால்வாய்க் கரையில், போர்ன் ஊரில் இருக்கும் கப்பற்பயிற்சிக் கல்லூரிக்கு வந்துவிடலாம். அங்கேயே குளியல், சாப்பாடு, தூக்கம். புற்றுநோயிலிருந்து மீண்டு இந்தப் பயணத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அன்று மாலை ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் இருட்டோடு இருட்டாகப் போர்ன் பாலத்தைக் கடக்க வேண்டும். அதன் பிறகு கடற்காற்று எதிரே வந்து நிற்கும். ட்ரூரோ பக்கத்து மேடுகள் களைத்த கால்களை ஒரு கை பார்த்துவிடும். அப்புறம் மணற்குன்றுகள், புராவின்ஸ்டவுன்.

வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். அதற்குக் கொஞ்ச தூரம் முன்னாலிருந்தே சாலையோரமாகக் குழந்தைகளின் பெரிய படங்களைக் கம்பில் கட்டி நட்டு வைத்திருப்பார்கள். டேனா-ஃபார்பரில் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள். ஒவ்வொரு அணியும் ஒரு குழந்தையைத் தங்கள் கூட்டாளியாக ஏற்றுக்கொள்ளும். படத்தில் மொட்டைத் தலையோடு இருந்த பிள்ளை, பந்தலுக்குள் நுழைந்தால் முடி வளர்ந்து, வாயெல்லாம் ஐஸ்கிரீமாக, தன் அணிக்காரர் வந்துவிட்டாரா என்று தேடிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம், முதுகில் மனைவியின் படத்தை லாமினேட் செய்து ஊக்கு குத்தி மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் எனக்கு முன்னால் வெகுதூரம் ஓட்டிக்கொண்டு போனார். மேட்டில் அவரை முந்த முடிந்தும் நான் முந்தவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மவர்கள் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இல்லை. ஊரில் ஒரு குழந்தைக்கு ஆபரேஷன், பதினைந்து லட்சம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தால் இரவுக்குள் பாதிப் பணம் சேர்ந்துவிடுகிறது. வெள்ளமோ புயலோ வந்தால் சொல்லவே வேண்டாம். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு அறுபது லட்சம் டாலர் வேண்டும் என்றபோது, உலகமெங்கும் இருந்த தமிழர்களும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து 2018-இல் அதைக் கொடுத்து முடித்தார்கள். நம் சங்கங்களுக்கு அதில் உழைத்த அனுபவம் உண்டு.

ஆனால் மருத்துவ ஆராய்ச்சிக்கு என்று கேட்டால் கை சற்று பின்னால் போகிறது. எனக்குக் காரணம் புரிகிறது. ஆபரேஷனுக்குக் கொடுத்தால் அந்தக் குழந்தை பிழைத்ததா என்று அடுத்த வாரம் தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் யாருக்குப் போனது, என்ன ஆனது என்று சொல்ல ஆள் கிடையாது. பலன் வரப் பதினைந்து வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். டேனா-ஃபார்பரில் வேலை செய்யும் வில்லியம் கேலின், அபூர்வமான ஒரு பரம்பரைப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணுவைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் செல்கள் ஆக்சிஜன் குறைவதை எப்படி உணர்கின்றன என்று பல வருடம் தேடினார். 2019-இல் வேறு இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் தேடலிலிருந்து பிறந்த பெல்சுடிஃபான் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021-இல்தான். அவர் தேடத் தொடங்கிய நாளில் நம்மிடம் வந்து ‘ஒரு மரபணுவைப் பார்க்க வேண்டும், பணம் தாருங்கள்’ என்று கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் கொடுத்திருப்போம்?

இந்த டேனா-ஃபார்பரின் வரலாற்றில் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு பங்கு உண்டு. நம் மேடைகளில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். தெலுங்குக்காரர். மெட்ரிக் தேர்வில் மூன்றாம் தடவைதான் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் பேச்சைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடுத்திப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் இருவர் சில நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். அவருக்கும் அதே நோய் வந்து, ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். 1923-இல் பாஸ்டன் வந்து சேர்ந்தார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே, பிழைப்புக்குப் பிரிகாம் ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்தார். நோயாளிகளின் மலச்சட்டி எடுக்கும் வேலை. அந்த ஆஸ்பத்திரி இருந்த லாங்வுட் பகுதியில்தான் இன்று டேனா-ஃபார்பர் நிற்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறார்கள்!

ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. லெடர்லி என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தானது. அதே சமயம் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், டேனா-ஃபார்பரைத் தொடங்கியவரான சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக முற்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கிற மருந்து கொடுத்தால் நோய் அடங்குமா என்று அவருக்குத் தோன்றியது. சுப்பாராவின் குழு அதையும் செய்து அனுப்பியது. அமினோப்டெரின் என்று பெயர். 1947 கடைசியில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். 1948 ஜூனில் வந்த கட்டுரையில் கடும் ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்ததாக ஃபார்பர் எழுதினார். தற்காலிகமாகத்தான். நோய் திரும்ப வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் அந்த நோயை எந்த மருந்தும் இப்படித் தணியவைத்ததில்லை. இன்று அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் குணமாகிறார்கள்.

1948 மே மாதம், ஃபார்பரிடம் சிகிச்சையில் இருந்த ஒரு சிறுவனோடு வானொலியில் பேசினார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று அவனை ‘ஜிம்மி’ என்று அழைத்தார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் வீரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வந்தார்கள். பையன் பேஸ்பால் பார்க்க ஒரு டிவி வேண்டும் என்றான். சனம் பணத்தை அள்ளிக் கொடுத்தது. டேனா-ஃபார்பருக்குப் பணம் திரட்டும் ஜிம்மி ஃபண்ட் என்ற நிதி பிறந்தது அப்படித்தான். இன்று அந்த நிதிக்கு மிகப் பெரிய தொகை தருவது நான் சொல்லும் இந்த சைக்கிள் பயணம். ஜிம்மி இறந்திருப்பான் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஐம்பது வருடம் கழித்து அவர் மெய்ன் மாநிலத்தில் உயிரோடு, லாரி ஓட்டிக்கொண்டு, பேரப்பிள்ளைகளோடு இருப்பது தெரியவந்தது. சுப்பாராவ் அந்த 1948 ஆகஸ்ட்டிலேயே, 53 வயதில், தூக்கத்தில் இறந்துபோனார்.

அமினோப்டெரினின் தம்பி மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். என் அம்மா பேராவூரணியில் இருக்கிறார். அவருக்கு முடக்குவாதம். மாத்திரை டப்பாவில் சனிக்கிழமைக் கட்டத்தில் மட்டும் மெத்தோட்ரெக்ஸேட், மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலம். இரண்டும் சுப்பாராவின் கூடத்திலிருந்து வந்த வழி. அம்மாவிடம் இதைச் சொன்னேன். ‘குழந்தைங்க கேன்சருக்குக் கண்டுபிடிச்ச மருந்தா இது? எனக்கு வெரல் மடங்குதேப்பா’ என்றார். தரையில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் அளவுக்கு மடங்குகிறது. 1947-இல் பாஸ்டனில் யாரும் பேராவூரணிக் கிழவியின் விரலை நினைத்து ஆராய்ச்சி செய்யவில்லை. ஆனாலும் வந்து சேர்ந்தது.

இனி, உங்களில் சிலர் கேட்கப் போகும் கேள்வி. இதைக் கேட்காமல் யாரும் பணம் தரப்போவதில்லை, கேட்பதும் நியாயம். ‘பாஸ்டனில் பணத்துக்கு என்ன பஞ்சம்? அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொடுக்கலாமே?’

கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். நானும் கொடுக்கிறேன். முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் உழைத்து 1954-இல் கொண்டுவந்த இடம் அது. அவரும் சுப்பாராவும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஆனால் அடையாறிலும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்துகளில் மெத்தோட்ரெக்ஸேட் உண்டு. 1980-களில் அடையாறு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையைக் கையாண்ட பிறகுதான் நம் நாட்டில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் கணிசமாகப் பிழைக்கத் தொடங்கினார்கள். இங்கே ஒருவர் கண்டுபிடிக்காமல் அங்கே ஒருவர் கொடுக்க முடியாது. அங்கே கொடுத்துப் பார்த்துக் கற்றது இங்கேயும் வந்து சேர்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் இன்று மலிவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. புதிய மருந்துகள் அப்படி இல்லை. நம் பணமும் சேர்ந்து பிறக்கும் ஒரு மருந்து, நம் ஊரில் வீட்டை விற்றாலும் வாங்க முடியாத விலையில் இருக்கலாம். இது எனக்கும் உறுத்துகிறது. இதற்காக ஆராய்ச்சியை நிறுத்துவதில் அர்த்தமில்லை என்பது என் முடிவு. மருந்தே இல்லாத இடத்தில் விலையைப் பற்றிச் சண்டை போடக்கூட வழியில்லை. ஆனால் அந்தச் சண்டையையும் போட வேண்டும். ஓர் அணியாகப் பணம் கொடுத்துவிட்டு, நிகழ்ச்சிகளில் ஆராய்ச்சியாளர்களைச் சந்திக்கும்போது இதைக் கேட்கிற தகுதி நமக்கு வரும். இன்னொன்றையும் அங்கே பேச வேண்டும்: தெற்காசியர்கள் மருந்து சோதனைகளில் குறைவாகவே சேர்கிறார்கள். ஸ்டெம் செல் தானப் பதிவேட்டிலும் நம்மவர்கள் குறைவு என்பதால் நோயாளிக்குப் பொருந்தும் தானம் கிடைக்காமல் தவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. சங்கம் வாயைத் திறந்தால் இரண்டும் கொஞ்சமாவது மாறும்.

இனி, பணத்தை எப்படித் திரட்டுவது? ஒவ்வொருவருக்கும் வழியைப் பொறுத்துக் குறைந்தபட்சத் தொகை உண்டு. நீளமான வழிக்கு அது பல ஆயிரம் டாலர். திரட்ட முடியாவிட்டால் மிச்சத்தை ஓட்டுகிறவரின் கிரெடிட் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். நம்மவர்கள் பின்வாங்குவது சைக்கிளுக்குப் பயந்து இல்லை, இதற்குப் பயந்துதான். தெரிந்தவர்களிடம் கை நீட்ட நமக்குக் கூச்சம். அதனால்தான் தனித்தனியாக விடாமல் சங்கம் ஏற்று நடத்த வேண்டும் என்கிறேன்.

என் ஊர்ப்பக்கம் ஆடி மாதம் மொய் விருந்துக் காலம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் போனால் தெருவுக்கு ஒரு பந்தல். பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறி விருந்து வைத்து, வரிசையாக நோட்டுப் போட்டு மொய் எழுத ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாங்கினவர் அந்தப் பணத்தில் கடை வைப்பார், கிணறு வெட்டுவார், பெண்ணுக்குக் கல்யாணம் செய்வார். பிறகு கொடுத்தவர் வீட்டு விருந்தில் கூட்டிப் போட்டுத் திருப்பிச் செய்வார். யாரும் யாரிடமும் கெஞ்சுவதில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் என்றால் ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்கள். அதற்குச் சில வாரம் முன்னால், ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு பூங்காவில் சங்கம் ஒரு மொய் விருந்து வைக்கட்டும். கறிக்குழம்பும் உண்டு, சைவப் பந்தியும் உண்டு. நோட்டில் பெயர் எழுதுவோம், பக்கத்திலேயே போனில் நேராக அணியின் கணக்கில் கட்டிவிடலாம். பணம் சங்கத்தின் கையில் தங்கவே வேண்டாம், கணக்கு வழக்குப் பேச்சுக்கே இடமில்லை. நம்மில் பலர் வேலை செய்யும் கம்பெனிகள் ஊழியர் கொடுக்கும் தொகைக்கு ஈடாகத் தாங்களும் ஒரு தொகை தருகின்றன. அந்த ஃபாரத்தை நிரப்பிக் கொடுக்க நாலு இளைஞர்களை ஒரு மேசையில் உட்கார வைத்தால் மொய் இரட்டிப்பாகும்.

நோட்டில் ஒரு ஏற்பாடு மட்டும் வேண்டும். கொடுப்பவர் பெயருக்குப் பக்கத்தில், யார் நினைவாகக் கொடுக்கிறார் என்றும் எழுத இடம் விடுங்கள். நம் வீடுகளில் கேன்சர் என்ற சொல்லை இன்னும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சித்தப்பாவுக்கு ‘உடம்பு சரியில்லை’, அத்தைக்கு ‘கட்டி’. சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடுமோ என்று மறைத்தவர்களை எனக்குத் தெரியும். மறைத்ததால் பரிசோதனைக்கே போகாமல் முற்றவிட்டவர்களும் உண்டு. ஒரு பொதுப் பந்தியில், நாலு பேர் முன்னால், ‘எங்க அக்கா, மார்பகப் புற்றுநோய்’ என்று ஒருவர் சொல்லி எழுத வைத்தால், பின்னால் வரிசையில் நிற்கும் பெண் அடுத்த வாரம் மேமோகிராம் எடுக்கப் போவார் என்று நம்புகிறேன்.

சைக்கிள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஏப்ரலில் பனி விட்டதும் தொடங்கினால், வாரம் மூன்று நாள் மிதிக்கிற, உடம்பில் பெரிய கோளாறில்லாத யாரும் ஆகஸ்ட்டுக்குள் தயாராகிவிடலாம். பர்லிங்டன், லெக்சிங்டன் பக்கம் இருப்பவர்களுக்கு மினிட்மேன் பாதை இருக்கிறது. நாஷுவா பக்கத்துக்காரர்களுக்கு ரயில் பாதை இருந்த இடத்தில் போட்ட நல்ல சைக்கிள் தடம். ஆனால் சமதளத்தில் மட்டும் ஓட்டிவிட்டு ஸ்டர்பிரிட்ஜ் மேடுகளுக்கு வராதீர்கள். ஜூன், ஜூலையில் மேடு தேடிப் போய் ஓட்ட வேண்டும். இரண்டு நாள் முடியாதவர்களுக்கு வெல்லெஸ்லியில் கிளம்பி அங்கேயே முடிகிற ஒரு நாள் வழியும் இருக்கிறது, அதற்குத் திரட்ட வேண்டிய தொகையும் குறைவு. முதலில் அதில் பத்துப் பேர் இறங்கினாலும் போதும். ஓட்டாதவர்கள் தொண்டராகப் பதிந்துகொள்ளலாம். தண்ணீர்ப் பந்தலில் நம் அம்மாக்கள் நின்றால் அந்த இடமே வேறு மாதிரி ஆகிவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், ஆகஸ்ட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள், இதற்குச் சந்தோஷமாக வருவார்கள்.

பெண்கள் அணியில் சரிபாதி இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நம் வட்டாரத்தில் பெண்கள் நீண்ட தூரம் ஓடுகிறார்கள், மலை ஏறுகிறார்கள். ஆனால் சங்கத்தின் விளையாட்டுக் குழு என்றால் கிரிக்கெட்டும் கைப்பந்தும் மட்டுமே நினைவுக்கு வருகிறது.

பயணத்துக்கான பதிவு ஜனவரியில் திறக்கும், பொங்கல் விழா வேலைகளோடு மோதும். அதனால் முடிவை டிசம்பர் செயற்குழுவிலேயே எடுத்துவிட வேண்டும். நான் கேட்பது மூன்று தீர்மானங்கள்: அணிக்குச் சங்கத்தின் பெயர், ஜூலையில் மொய் விருந்துக்கு ஒரு தேதி, பொங்கல் மேடையில் சுப்பாராவைப் பற்றிப் பேசப் பத்து நிமிடம். பேச டேனா-ஃபார்பரிலேயே வேலை செய்யும் தமிழ் மருத்துவர் யாரையாவது அழைக்கலாம். ஆள் கிடைக்காவிட்டால் நான் பேசுகிறேன். கூட்டத்துக்கு வழிகள், கட்டணம், காப்பீடு பற்றிய விவரங்களோடு வருகிறேன். அரைமணி நேரம் ஒதுக்கித் தாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவன்,
மாசசூசெட்ஸ்